'லாயல்' என்னும் அடைமொழியும் எட்டயபுரமும்

ஆங்கிலத்தில் 'லாயல்' என்று ஓர் அடைமொழி உண்டு. பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த எளிய சொல். அகராதியைப் புரட்டினால் விசுவாசமுள்ள, பற்றுறுதியுடைய, உண்மையான என்னும் பொருள்கள் வரிசையாகக் கிடைக்கும். ஆயினும் இச்சொல் நம் தென்பாண்டிச் சீமையில், குறிப்பாக எட்டயபுரத்துக் கரிசல் மண்ணில், செய்த வேலையை அகராதியால் அளந்துவிட இயலாது. கும்பினியாரும் அவர்தம் வரலாற்றாசிரியரும் எந்த அரண்மனையை இச்சொல்லால் பாராட்டினரோ, அதே அரண்மனையின் குடிப்பெயரைத் தமிழ் மக்கள் காட்டிக்கொடுப்பவனுக்கு மறுபெயராக்கிவிட்டனர். செயல் ஒன்றுதான், ஒரு மொழியில் அது பாராட்டாகவும் மற்றொரு மொழியில் வசையாகவும் நிலைத்தது. இது எவ்வாறு நேர்ந்தது என்பதை இங்கே ஆராய்வோம்.

சொல்லின் பிறப்பை முதலில் காண்போம். இலத்தீனில் 'லெக்ஸ்' என்றால் சட்டம். அதன்வழிப் பிறந்த 'லெகாலிஸ்' என்னும் சொல் பழைய பிரெஞ்சு மொழியில் தேய்ந்து உருமாறிப் பதினாறாம் நூற்றாண்டில் 'லாயல்' ஆக ஆங்கிலத்தில் புகுந்தது. அதே இலத்தீன் சொல் வேறு வழியாக வந்து 'லீகல்' ஆயிற்று. ஆகவே 'சட்டப்படியான' என்பதும் 'விசுவாசமுள்ள' என்பதும் அம்மொழியில் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள். ஐரோப்பாவில் நிலமானிய முறை நிலவிய நாளில், தலைவனிடம் நிலம் பெற்றவன் அவனுக்குப் படைத்துணை செய்வதாக ஆணையிட்டுக் கொடுத்தான். அவ்வாணை வழுவாது நடந்தவனுக்கு உரிய பட்டம் இது. பின்னர்க் கணவன் மனைவியரிடையேயும் நண்பரிடையேயும் உள்ள உறுதிக்கும் அச்சொல் வழங்கலாயிற்று. இன்றோ, ஒரே கடையில் மீண்டும் மீண்டும் சாமான் வாங்குவோரை 'லாயல்' வாடிக்கையாளர் என்று புகழ்ந்து கையில் ஓர் அட்டையும் கொடுத்தனுப்புகிறார்கள். சொற்களுக்கும் தாழ்வு வரும் போலும்!

இச்சொல்லைக் கட்சிப் பெயராக வைத்துக்கொண்டவர்களின் கதை விந்தையானது. 1775 முதல் 1783 வரை நடந்த அமெரிக்க விடுதலைப் போரில் இங்கிலாந்து மன்னரின் பக்கம் நின்றவர்கள் 'லாயலிஸ்ட்' எனப்பட்டனர். அண்டை வீட்டார் அவர்களைத் துரோகிகள் என்றனர், நிலபுலன்களைப் பறித்தனர். அவர்களுள் பல்லாயிரவர் கனடாவுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே அதே பெயர் அவர்களுடைய வழித்தோன்றல்களுக்குக் குலப்பெருமை ஆயிற்று. 1936இல் ஸ்பெயின் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டபோதோ, தளபதி ஃபிராங்கோவை எதிர்த்துக் குடியரசைக் காத்தவர்களையே ஆங்கில இதழ்கள் 'லாயலிஸ்ட்' என்று எழுதின. முன்னது மன்னருக்காக, பின்னது மன்னரே இல்லாத குடியரசுக்காக. சொல்லைப் பார்த்து ஆளை அறிய முடியாது என்பதற்கு இவ்விரண்டும் போதும்.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் யாது? 'விசுவாசம்' வடமொழிச் சொல். நம்பிக்கை என்பதே அதன் அடிப்பொருள். ஆங்கிலேயர் காலத்தில் 'ராஜவிசுவாசம்', 'ராஜபக்தி' என்னும் தொடர்கள் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் மலிந்து கிடந்தன. மக்கள் வழக்கோ சோற்றையும் உப்பையும் பற்றி நின்றது. கர்ணனைச் சொல்லிச் செஞ்சோற்றுக்கடன் என்றனர். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றனர். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தலை இழிவென்றனர். பாரசீகத்திலும் உருதுவிலும் இதே உப்புத்தான் பேசுகிறது. உப்பிட்டவருக்கு உண்மையாய் இருப்பவன் 'நமக் ஹலால்'. இரண்டகம் செய்பவன் 'நமக் ஹராம்'. ஹலால், ஹராம் என்பன மார்க்கச் சட்டத்தின் சொற்கள் அல்லவா? இலத்தீனில் சட்டமும் விசுவாசமும் உடன்பிறந்தவை ஆனதுபோல, இங்கும் உப்பின்வழி அவை உறவு பூண்டதை எண்ணி வியக்கிறோம்.

இலக்கணத்திலும் ஒரு செய்தி உண்டு. விசுவாசம் என்றவுடன் தமிழ் மனம் 'யாருக்கு?' என்று கேட்கும். அவ்வினாவுக்கு உரியது நான்காம் வேற்றுமை உருபாகிய 'கு'. நன்னூலார் இவ்வுருபுக்குக் கூறும் பொருள்களில் நேர்ச்சியாகிய நட்பும் உண்டு, பகையும் உண்டு. ஒருவனுக்கு நட்பு என்பதும் ஒருவனுக்குப் பகை என்பதும் ஒரே உருபில் நடக்கின்றன. ஆங்கிலத்திலும் இவ்வினாவுக்கு விடைகூறும் இடைச்சொல் இருக்கவே செய்கிறது. ஆனால் கும்பினிக் கடிதங்களில் அதற்கு வேலையே இல்லை. 'லாயல் பாளையக்காரர்' என்றால் யாருக்கு என்று எழுத வேண்டியதில்லை; எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் விடை ஒன்றே. அடங்க மறுத்தவர்களுக்கு அவர்கள் வழங்கிய அடைமொழி 'ரிஃப்ராக்டரி' என்பது. முரட்டுக் குதிரைக்கும், உலையில் இட்டாலும் உருகாத கனிமத்துக்கும் வழங்கும் சொல் அது. பகைவர் சூட்டியதாயினும், பாஞ்சாலங்குறிச்சிக்கு அதைவிடப் பொருத்தமான பட்டத்தைப் புலவரும் சூட்டியிருக்க முடியாது!

இனி எட்டயபுரத்துக்கு வருவோம். எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் திருநெல்வேலிச் சீமையின் கீழ்ப்பகுதியில் அமைந்த அண்டைப் பாளையங்கள். இரண்டையும் ஆண்டவர் கம்பளத்து நாயக்கர் குடியினரே. எட்டுப் பேருக்குத் தந்தைபோல் நின்று காத்ததால் முன்னோர் ஒருவருக்கு 'எட்டப்பன்' என்னும் பெயர் வந்தது என்பது அக்குடியின் வழிவழிக் கதை. அது தனியொருவர் பெயரன்று. தலைமுறைதோறும் பட்டத்துக்கு வந்தோர் தாங்கிய பெயர். இதை நேயர்கள் நினைவில் வைத்தல் வேண்டும்.

இப்பாளையக்காரர்கள் யாருக்கு விசுவாசமாய் இருக்கக் கடமைப்பட்டவர்கள்? மதுரை நாயக்கர் ஆட்சி 1736இல் முடியும்வரை விடை தெளிவாயிருந்தது. பின்னர் ஆர்க்காட்டு நவாபு தமக்கே கப்பம் உரியதென்றார். 1792இல் நவாபு முகம்மது அலி கும்பினியோடு செய்த உடன்படிக்கையால், பாளையங்களில் கப்பம் தண்டும் அதிகாரம் கும்பினியின் கைக்குப் போயிற்று. 1801இல் கர்நாடக அரசே அவர்கள் வசமாயிற்று. ஆக, அறுபத்தைந்து ஆண்டுகளுக்குள் அந்தக் 'கு' உருபின் முன் மூன்று பெயர்கள் மாறி நின்றன. தம்மைக் கேளாமலே தம் விசுவாசம் கைமாறியதைப் பாளையக்காரர் சிலர் ஏற்றனர், சிலர் ஏற்கவில்லை. கப்பம் கட்ட மறுத்த கட்டபொம்மு நாயக்கர் 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைக் கண்டதும், அங்கே கைகலப்பு மூண்டதும் யாவரும் அறிந்தவை. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். எட்டயபுரத்துப் படை கும்பினியின் பக்கம் நின்றது. கோட்டையை விட்டு வெளியேறிய கட்டபொம்மு நாயக்கரைத் தேடித் துரத்தியவர்களுள் எட்டயபுரத்தாரும் இருந்தனர்.

இதனை வெறும் கூலிக்குச் செய்த காட்டிக்கொடுத்தல் என்று முடித்துவிட்டால் வரலாறு குறைபடும். இரு பாளையங்களுக்கும் இடையே எல்லைத் தகராறும் கொள்ளைப் பூசலும் நெடுநாளாக இருந்தன. கும்பினி வந்தபோது எட்டயபுரத்தார் அதனைப் பழைய பகைக்கு வாய்த்த புதிய துணையாகக் கண்டனர். மேலைச் சட்டத்தின் கண்ணில் விசுவாசம் எனத் தோன்றியது, உள்ளூர்க் கண்ணில் பங்காளிச் சண்டையின் தொடர்ச்சி. இதனால் அச்செயல் நியாயமாகிவிடாது. போர் முடிந்தபின் பாஞ்சாலங்குறிச்சி நிலங்களில் ஒரு பகுதி எட்டயபுரத்துக்குச் சேர்ந்தது. பரிசு பெற்ற கை, பகை தீர்த்த கை மட்டுமே என்று வாதாட முடியாதன்றோ?

மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். கட்டபொம்மு நாயக்கரைக் காட்டில் பிடித்துக் கும்பினியிடம் ஒப்படைத்தது எட்டயபுரமன்று. புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்களே அவரைப் பிடித்தனர். 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில், கூட்டிவைத்த பாளையக்காரர்களின் கண்முன் அவர் தூக்கிலிடப்பட்டார். 1801இல் ஊமைத்துரை சிறை மீண்டு, கோட்டையை மறுபடி எழுப்பிப் போரிட்டபோதும் எட்டயபுரத்தார் வெள்ளையரோடு நின்று மடிந்தனர். அப்போரில் கலந்த வெல்ஷ் என்னும் படையதிகாரி 1830இல் வெளியிட்ட நினைவு நூலில் ஊமைத்துரையின் பெருமையை மனம் திறந்து எழுதியுள்ளார். கோட்டையை இடித்து, மண்ணை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்பர். 1803இல் பாளையங்கள் ஜமீன்களாக்கப்பட்டன. எட்டயபுரம் பெரிய ஜமீனாயிற்று. கால்டுவெல் ஐயர் 1881இல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றில் கும்பினித் தரப்புக் கண்ணோட்டமே ஓங்கி நிற்கிறது.

தமிழ் நாவோ வேறு கணக்கு வைத்திருந்தது. கதைப்பாடல்களிலும் கூத்திலும் பாஞ்சாலங்குறிச்சி வாழ்ந்தது. ம.பொ.சி. அவர்கள் கட்டபொம்மனைப் பற்றி நூல் எழுதினார்கள். 1959இல் பி.ஆர். பந்துலுவின் திரைப்படம் ஊர்தோறும் ஓடிற்று. அதில் வி.கே. இராமசாமி நடித்த எட்டப்பனைப் பார்த்த தலைமுறைக்கு அப்பெயர் பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. கட்சி மாறியவன் எட்டப்பன். சங்கத்தின் இரகசியத்தை முதலாளியிடம் சொன்னவன் எட்டப்பன். வகுப்பில் சேட்டை செய்தவன் பெயரை ஆசிரியரிடம் சொன்ன பையனும் எட்டப்பன். தொண்டைமான் பெயர் இவ்வாறு ஆகவில்லை. மொழி தரும் தண்டனை நீதிமன்றத் தண்டனைபோல் குற்றத்தின் அளவைப் பார்ப்பதில்லை.

இவ்விடத்தில் மதுரைக் கான்சாகிபின் நினைவு வருகிறது. இராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய யூசுப்கான், கும்பினியின் சிப்பாய்ப் படைக்குத் தலைமை தாங்கித் திருச்சிராப்பள்ளிப் போர்களில் பெயர் பெற்றார். கும்பினி அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்துப் பாராட்டியது. நெற்கட்டும்செவல் பூலித்தேவரையும் பிற பாளையக்காரர்களையும் அவர் அடக்கினார். யூசுப்கானை எதிர்த்து எட்டயபுரத்துக்காகப் போரிட்டு மடிந்தவர் அழகுமுத்துக்கோன் என்பது தென்பாட்டு மரபு. அம்மரபின்படி அன்றைய எட்டப்பர், வெள்ளையர் படையை எதிர்த்தவரே! அந்நாளில் 'லாயல்' என்னும் சொல் யூசுப்கானுக்கே உரியதாயிருந்தது. பின்னர் நவாபோடும் கும்பினியோடும் முரண்பட்டுச் சுதந்தரமாக மதுரையை ஆள முற்பட்டார். முற்றுகை நீண்டது. கோட்டைக்குள் இருந்த தம்முடைய ஆட்களே அவரைப் பிணித்துப் பகைவரிடம் கொடுத்தனர். பிரெஞ்சுத் தளபதி மார்ச்சந்தும் அதில் ஒருவர். 1764 அக்டோபர் 15ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். மதுரைச் சம்மட்டிபுரத்தில் கான்சாகிபு பள்ளிவாசலில் அவரது அடக்கம் உள்ளது. எஸ்.சி. ஹில் என்பார் 1914இல் அவருடைய வரலாற்றை எழுதியபோது நூலின் தலைப்பிலேயே 'கலகக்காரத் தளபதி' என்று குறித்தார். எத்தனை போர்களில் வென்று கொடுத்தும் அவர் பெயர்முன் நின்றது கடைசி அடைமொழியே. காட்டிக்கொடுத்த மார்ச்சந்தின் பெயரை இன்று மதுரையில் யார் அறிவார்?

எட்டயபுரத்துக்குத் திரும்புவோம். வசையாகிப்போன அப்பெயரைத் தாங்கிய அரண்மனை தமிழுக்குச் செய்தவற்றை நம்மனோர் மறத்தல் தகாது. 1642இல் பிறந்த உமறுப் புலவர், கடிகைமுத்துப் புலவரிடம் கற்று, ஆசிரியருக்குப்பின் எட்டயபுரம் சமஸ்தானப் புலவரானார். அவரை அவைக்களத்தில் அமர்த்திச் சிறப்பித்தவரும் ஓர் எட்டப்பரே. வள்ளல் சீதக்காதியும் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயரும் துணைநிற்க, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் சீறாப்புராணம் எழுந்தது. 1703இல் மறைந்த புலவர் எட்டயபுரத்திலேயே அடங்கியுள்ளார். இசை மும்மூர்த்திகளுள் ஒருவராகிய முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் உயிர்நீத்ததும் அவ்வூரிலேதான். அவர் வழிவந்த சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி 1904இல் அச்சேறியதும் அங்கேயே.

அரண்மனையின் நிழலில் 1882இல் பிறந்த சுப்பையா அவ்வூரவையிலேயே 'பாரதி' என்னும் பட்டம் பெற்றார். 1908இல் அதே பாரதி ஆங்கில அரசின் பிடிக்குத் தப்பிப் புதுச்சேரி புகுந்தார். 'லாயல்' அரண்மனையின் ஊரிலிருந்து வந்தவர் அரசின் கண்ணில் அதற்கு நேர்மாறானவர்! அவ்வாண்டிலேயே தூத்துக்குடியின் கப்பலோட்டிய தமிழர் வ.உ. சிதம்பரனார்க்கு நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். அவர்மீது சாட்டப்பட்ட 124ஏ பிரிவில் நம் சொல்லின் எதிர்மறை வடிவம் ஒளிந்திருந்தது. அரசின்பால் அன்பின்மை என்பதில் விசுவாசமின்மையும் அடங்கும் என்று 1898இல் விளக்கம் சேர்த்திருந்தார்கள். அடைமொழியாய்ப் பிறந்த சொல் தண்டனைச் சட்டத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு இரண்டு இலட்ச ரூபாய்க்கு எண்ணாயிரம் பங்குகளை எடுத்துக்கொண்டவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட். அவ்விளக்கத்தின்படி அவரும் ஐயத்துக்குரியவரே போலும்! 2022இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டமே நீங்கிப் புதியது நடைமுறைக்கு வந்தது.

பாரதியாரைப் பற்றி மேலும் ஒரு குறிப்பு. எட்டயபுரம் அரசகுடியின் வரலாறாகிய வம்சமணி தீபிகை 1879இல் அச்சாயிற்று. அதிலுள்ள பிழைகளைக் களைந்து நல்ல தமிழில் திருத்தி எழுதித் தருவதாக 1919 ஆகஸ்டில் கடையத்திலிருந்து பாரதியார் அரசருக்கு மடல் எழுதினார். வறுமை எழுதுவித்த மடல்தான். எனினும் விடுதலைக் கவிஞரின் கையில் அவ்வரலாறு என்ன வடிவம் பெற்றிருக்கும், 1799ஆம் ஆண்டை அவர் எந்தச் சொற்களால் எழுதியிருப்பார் என்று எண்ணாதிருக்க முடியவில்லை. அவ்வேலை கைகூடவில்லை.

இந்திய முஸ்லிம்களாகிய நமக்கு இச்சொல்லோடு தனிக்கணக்கு உண்டு. 1857க்குப் பின் ஆட்சியாளர் பழியை முஸ்லிம்கள்மீது சுமத்தியபோது, சர் செய்யித் அஹ்மத்கான் 1860இல் 'இந்தியாவின் லாயல் முஹம்மதியர்' பற்றிய வெளியீட்டைத் தொடங்கினார். ஆங்கிலேயர்க்கு உதவிய முஸ்லிம்களின் பெயர்களையும் செயல்களையும் தேடித் திரட்டினார். ஒரு சமுதாயம் தன்னுடைய சான்றிதழைத் தானே எழுதவேண்டி வந்த காலம் அது. 1871இல் ஹண்டர் எழுதிய நூலின் தலைப்போ, அரசியாரை எதிர்த்துக் கலகம் செய்ய முஸ்லிம்கள் தம் மனச்சாட்சியால் கட்டுண்டவர்களா என்று கேட்டது. செய்யித் அஹ்மத்கான் அதற்கும் மறுப்பு எழுதினார். 1906இல் டாக்காவில் தோன்றிய முஸ்லிம் லீக், ஆங்கில அரசிடம் விசுவாசத்தை வளர்த்தலைத் தன் முதல் குறிக்கோளாக வைத்தது. பதினைந்தே ஆண்டுகளில், 1921இல், ஆங்கிலேயர் படையில் பணியாற்றுவது மார்க்கத்துக்கு ஆகாது என்று முழங்கிய அலி சகோதரர்கள் கராச்சியில் கூண்டேறினர்.

நாடு விடுதலை அடைந்தபின்னும் அவ்வினா தொலையவில்லை. கேட்பவர்கள் மாறினர். திருநெல்வேலி மண்ணின் மைந்தராகிய காயிதே மில்லத் இஸ்மாயீல் சாகிபு, 1962இல் சீனப் படையெடுப்பு நேர்ந்தபோது தம் ஒரே மகனைப் படைக்கு அனுப்ப முன்வந்தார். அவர் உள்ளம் உவந்து செய்தது அது, ஐயமில்லை. ஆயினும் மகனைக் கொடுக்க முன்வந்த எத்தனையோ தந்தையருள் இவருடைய செயலை மட்டும் நாம் மேடைதோறும் எடுத்துச்சொல்ல நேர்கிறதே, ஏன்? செய்யித் அஹ்மத்கான் தொடங்கிய பட்டியலை நாமே இன்னும் நீட்டிக்கொண்டிருக்கிறோமோ?

உமறுப் புலவர் பாட எடுத்துக்கொண்ட தலைவருக்கு மக்கத்து மக்கள், நபித்துவம் கிட்டுமுன்னரே, ஓர் அடைமொழி சூட்டியிருந்தனர்: 'அல் அமீன்'. நம்பத்தகுந்தவர் என்பது பொருள். அமானத், ஈமான், முஃமின் ஆகியவை எல்லாம் அவ்வேரிலிருந்து முளைத்தவை. கடல் கடந்து வந்த அவ்வேர் நம் ஊர்க் கச்சேரி வரையிலும் படர்ந்தது. அரசு நேரே மேற்பார்த்த நிலத்தை வருவாய்க் கணக்கர் 'அமானி' என்றனர். நீதிமன்றக் கட்டளையோடு வாசலில் வந்து நிற்பவர் 'அமீனா' ஆனார். கடன்பட்டவர் அஞ்சி ஒளிந்துகொள்ளும் ஆளுக்கு நம்பிக்கைக்குரியவர் என்று பெயர் வாய்த்தது ஒரு வேடிக்கையே. இச்சொல் ஆணையிட்டுக் கொடுத்த அடிமையைக் குறிக்கவில்லை. பிறர் பொருளைத் தன்னிடம் வைத்துக் காப்பவரைக் குறித்தது.

மக்கத்துக் குறைஷியர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் கொல்லச் சூழ்ந்து வீட்டை வளைத்த இரவிலும், அம்மக்கத்தாரின் பொருள்கள் பல அவர்களிடம் அமானத்தாக இருந்தன. பகைமை மூண்ட பின்னும் பகைவர் தம் பொருளை வேறெங்கும் வைக்கத் துணியவில்லை. நபிகளார் யத்ரிபு நோக்கிப் புறப்படுமுன், அப்பொருள்களை உரியவர்களிடம் சேர்க்கும் பொறுப்பை அலீ (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். அலீ (ரலி) அவர்கள் மூன்று நாள் மக்கத்தில் தங்கி, ஒவ்வொருவருக்கும் உரியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கால்நடையாகவே புறப்பட்டுக் குபாவில் நபிகளாரோடு சேர்ந்தார்கள்.